அசோகமாலா என்ன நினைத்திருப்பாள்?

வெள்ளவத்தை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். போன மாதம் போயா (பௌர்ணமி) லீவுக்கு அநுராதபுரம் போனபோது இசுருமுனிய விகாரையில் இருக்கும் காதலர் சிற்பத்தை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனால் கிட்டே போய் நின்றபோது அவன் மடியில் இருக்கும் அந்தப் பெண் ஒரு விரலை உயர்த்தி "பொறு, கொஞ்சம் பொறு" என்று சொல்வது போல இருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அது பழைய சிங்கள அரசன் துட்டகைமுனுவின் மகன் சாலியவும் அவன் காதலித்த அசோகமாலாவும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு இந்தக் கதைதான். வேலை முடிந்து காலி வீதியில் பஸ்ஸுக்குள் நெரிபட்டுக்கொண்டு வரும்போதும் அதையே வாசிக்கிறேன். தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்ட ஒருத்திக்காக ஒரு இளவரசன் அரசையே வேண்டாம் என்று விட்டான் என்பது பெரிய விஷயம்தான், ஆனால் எங்கே பார்த்தாலும் அவன் விட்டது, அவன் துணிந்தது, அவன் தியாகம் என்றே இருக்கிறது. அவள் என்ன நினைத்தாள்? அவள் சம்மதித்தாளா, பயந்தாளா, தன் தாய் தகப்பனைப் பிறகு கண்டாளா? இதைப் பற்றி எங்கேயாவது ஏதாவது எழுதியிருக்கிறதா?

வீட்டில் இதைச் சொன்னதற்கு அம்மம்மா, "எல்லாளனைக் கொன்றவன்ர மகன்ர கதையோ உனக்கு?" என்று கேட்டுவிட்டா. எங்கள் தமிழ் ராசா எல்லாளனைப் போரில் கொன்றது துட்டகைமுனுதானே. அது மனதுக்குள் கிடந்து குடைகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

முதலில் சிற்பத்தைப் பற்றி. அது அவர்கள் இரண்டு பேரும் என்பது சனங்களின் நம்பிக்கை மட்டும்தான். துட்டகைமுனு ஆண்டது கி.மு. 161 முதல் 137 வரை. அந்தச் சிற்பமோ குப்தர் காலத்துச் சாயலில் இருக்கிறது, கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். இடையில் ஏறக்குறைய 700 வருடம். யாரோ ஒரு போர்வீரனும் அவன் காதலியும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் ரசித்ததைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. பெயரே தெரியாத ஒரு சோடியின் கல்லைப் பார்த்து, இது அவர்கள்தான் என்று ஊர் சனம் முடிவு செய்ததென்றால், அந்தக் கதையை அவர்கள் எவ்வளவு விரும்பியிருக்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார்:

பிள்ளை, நல்ல கேள்வி. முப்பது வருடம் படிப்பித்தும் ஒரு மாணவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் 33ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சில வரிகள்தான் இருக்கின்றன. சாலிய ராஜகுமாரன் மிகவும் அழகான ஒரு சண்டாளப் பெண்ணில் மனதைப் பறிகொடுத்தான், அவள் முற்பிறப்பிலேயே அவனுக்கு மனைவியாக இருந்தவள், அவள் மேல் இருந்த மயக்கத்தால் அவன் அரசை விரும்பவில்லை, ஆகவே துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் பட்டத்துக்கு வந்து 18 வருடம் ஆண்டான். அவ்வளவுதான். நீங்கள் கேட்ட ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள், இந்தக் காதல் அங்கே வருவதே, மகன் உயிரோடு இருக்கும்போது தம்பி ஏன் ராசாவானான் என்று காரணம் சொல்வதற்காகத்தான். முற்பிறப்புக் கதையும் அப்படித்தான் எனக்குப் படுகிறது: குலம் கெட்டது என்று யாரும் சொல்லாமல் இருக்க, இது பழைய உறவு என்று ஒரு சமாதானம்.

ஆனால் அதற்குச் சற்று முன்னால், 32ஆம் அத்தியாயம் முடிகிற இடத்தை வாசியுங்கள். இனி வரப்போகும் மைத்திரேய புத்தரின் காலத்தில் இந்தக் குடும்பத்தில் யார் யார் என்னவாகப் பிறப்பார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறது. துட்டகைமுனு முதல் சீடன், தம்பி சத்தாதிஸ்ஸன் இரண்டாம் சீடன், துட்டகைமுனுவின் தகப்பனும் தாயும் அந்தப் புத்தருக்கே தகப்பனும் தாயும், சாலிய அவருக்கு மகன். அசோகமாலாவுக்கு ஓர் இடமும் இல்லை. போன பிறப்பில் மனைவியாக இருந்தாள் என்று சொன்ன நூல், வரும் பிறப்பில் அவளை எங்கேயும் வைக்கவில்லை! நான் இதைக் கவனித்தது வேலையை விட்ட பிறகுதான்.

(அந்தத் தாய்தான் விகாரமகாதேவி. கொழும்பில் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பூங்கா சாலியவின் அப்பம்மா பேரில் இருப்பது.)

சாலிய என்ற பெயரும் பாருங்கள், பாளியில் சாலி என்றால் நெல், தமிழிலும் சாலி உயர்ந்த நெல்தான். அம்மம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: எல்லாளன் 44 வருடம் நீதியாக ஆண்டான் என்றும், அவன் சமாதியைக் கடக்கும்போது அரசர்கள் வாத்தியங்களை நிறுத்துவது வழக்கம் என்றும் எழுதி வைத்திருப்பதும் இதே மகாவம்சம்தான்.

பம்பலப்பிட்டி அக்கா:

தங்கச்சி, எனக்கு இந்தச் சிற்பத்தை விட அந்தச் "சண்டாள" என்ற சொல்தான் நெஞ்சில் குத்தியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கதை என்று நாங்கள் ரசிக்கிறோம். எங்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி என்ன? பெடியனுக்கு என்ன வேலை என்பதா? இல்லை, "ஆர் ஆக்கள்?" என்பதுதான். கொழும்புக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனபிறகும், கனடாவில் இருக்கும் பெடியனுக்குப் பார்த்தாலும், அதே கேள்வி. என் சொந்தத்தில் ஒருத்தி விரும்பியவனை இப்படித்தான் விட வைத்தார்கள், அவளுக்கு இப்போது 45 வயது, இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள். சாலிய சிம்மாசனத்தை விட்டான், எங்கள் ஆட்களால் ஒரு கலியாண ஹோலில் நாலு பேர் கதைப்பதைத் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. 1936இல் எட்டாம் எட்வர்ட் மன்னர் வாலிஸ் சிம்சனுக்காக முடி துறந்தபோது உலகமே அந்தப் பெண்ணைத் திட்டியது, ஆனாலும் பிறகு அவ தன் வாழ்க்கையைத் தானே ஒரு புத்தகமாக எழுதினா. அசோகமாலாவுக்கு அதுவும் இல்லை.

வெள்ளவத்தை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார், நீங்கள் சொன்ன அந்த 32ஆம் அத்தியாயத்தின் முடிவை நேற்று இரவு தேடி வாசித்தேன், வாசித்துவிட்டுக் கனநேரம் நித்திரை வரவில்லை. தாய், தகப்பன், தம்பி, மகன் என்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு போகிறார்கள், இவளுடைய பெயர் வரவே இல்லை.

ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. இசுருமுனியவில் அதே சின்ன மியூசியத்தில் அரச குடும்பம் என்று இன்னொரு கல் இருக்கிறதே, ஐந்து உருவங்களோடு. நடுவில் இருப்பது துட்டகைமுனு, பக்கத்தில் சாலியவும் அசோகமாலாவும் என்று சனங்கள் சொல்வார்களாம். கொட்டாஞ்சேனைக்காரன் சொல்வதுபோல அதுவும் உண்மையாக இருக்கத் தேவையில்லை. நூல் எழுதியவர் விட்டதைச் சனங்கள் தாங்களாகவே கொண்டுவந்து மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் அந்தக் கல்லைச் சரியாகப் பார்க்கவே இல்லை, காதலரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கும் இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது, அதே கேள்வியோடுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா. அம்மம்மாதான் வாத்தியம் நிறுத்திய கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த போயாவுக்குப் போனால் தன்னையும் கூட்டிக்கொண்டு போ என்கிறா. ரெயினில் போகலாம் என்று இருக்கிறேன், அவவுக்கு முழங்கால் வருத்தம். இசுருமுனியவில் அந்தக் கற்கள் இருக்கும் இடத்துக்கு அதிகம் படி ஏறாமல் போகலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:

மியூசியம் கீழேதான் இருக்கிறது, பாறை மேல் ஏறத் தேவையில்லை. வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும், மத்தியானத்தில் நிலம் சுடும், அம்மம்மாவை விடியப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.