ரூட்டர் மேசைக்கு எந்த மெஷின் வாங்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. வைஃபை ரூட்டர் இல்லை, பிட்டைச் சுழற்றிப் பலகையின் விளிம்பைச் செதுக்கும் மர வேலை ரூட்டர். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டுப் பின்பக்கம் ரப்பர் பலகையில் சாமி மாடம் செய்து கொடுக்கிறேன். மேசைக்கடியில் இப்போது தொங்குவது 710 வாட் மக்கிட்டா, கால் இஞ்சு தண்டுள்ள பிட்டுதான் மாட்டலாம். கதவுச் சட்டத்துக்கு விளிம்பு எடுத்தால் முக்குகிறது. பலகை கருகிப் பழுப்புக் கோடு விழுகிறது, தேய்த்தாலும் போவதில்லை.

சரி, அரை இஞ்சுத் தண்டு பிடிக்கும் மெஷினுக்கு மாறலாம் என்று பார்த்தேன். மக்கிட்டாவின் பழைய 3612 மாடல் ஒன்று மலிவாக வருகிறது. 1650 வாட், ஆனால் நிமிடத்துக்கு 22,000 சுற்று, ஒரே வேகம். வெட்டும் பகுதி 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய பிட்டை அந்த வேகத்தில் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. மக்கிட்டாவின் இன்னொரு மாடல் ஆர்பி2301எஃப்சி 9,000 சுற்று வரை இறங்கும், விலைதான் கையைக் கடிக்கிறது. அதன் அமெரிக்க மாடல் 120 வோல்ட், நம் கரண்டுக்கு ஆகாது.

மேசையில் மாட்டியவர்கள், மெஷினை மேலே தள்ளும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டீர்களா? குனியாமல் பிட்டின் உயரம் மாற்ற என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.