கிட் (ஃபைல்ல செய்யுற மாத்தங்களப் பதிஞ்சு வைக்கிற மென்பொருள்) தெரியாத ஆக்களுக்கு அத எப்படிப் பழக்குற?

கல்லடிப் பொடியன்:
நாங்க அஞ்சு பேர், ரெண்டு பேர்தான் கோட் எழுதுற, மத்த ஆக்கள் தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல் மட்டும் மாத்துற, நேத்து ஒரு தங்கச்சி கான்ஃப்ளிக்ட் (ரெண்டு பேர்ர மாத்தம் ஒரே இடத்தில மோதுறது) வந்தத விளங்காம அப்படியே கமிட் பண்ணி, அதாவது பதிஞ்சிட்டா, சைட்டில கிட் போடுற மோதல் அடையாளம், ஏழு அம்புக்குறியும் ஹெட் எண்டும், பல்லக் காட்டிட்டு நிக்குது கா. என்ன செய்ய?

கல்முனை:
கமாண்ட் டைப் பண்ணுற டெர்மினலக் குடுக்காதீங்க. பட்டன் அமத்தியே கிட் பாவிக்கிற கிட்ஹப் டெஸ்க்டாப் ஆப் போடுங்க, மாத்தினது பச்சை சிவப்பாத் தெரியும். மெயின் பிராஞ்ச, அதாவது முதன்மைப் பிரதிய, ஆரும் நேரா மாத்த ஏலாம பூட்டுங்க.

அக்கரைப்பற்று:
டெஸ்க்டாப் போட்டாலும் கான்ஃப்ளிக்ட் வரும் தம்பி. ஃபைல ஆளுக்கு ஒண்டாப் பிரிச்சுக் குடுங்க, மறுகா மோதுறது குறையும். கமாண்ட் பழக்குறதெண்டா 2019ல வந்த ஸ்விட்ச் (பிராஞ்ச் மாறுற), ரெஸ்டோர் (ஃபைலப் பழையபடி ஆக்குற) பழக்குங்க, பழைய செக்அவுட் கமாண்ட் ஒண்டே ரெண்டு வேலையும் செய்யுறதாலதான் ஆக்கள் குழம்புற.

கல்லடிப் பொடியன்:
பிரிக்கிறது சரிவரும் போல. அவ பயந்து இப்ப ஃபைல வாட்ஸப்பில அனுப்புறா 😅