மின்சார ரயில் டிக்கெட்: சட்டைப் பையிலா, கைபேசியிலா?

குரோம்பேட்டை கணக்கர்

சென்ற வியாழக்கிழமை தாம்பரம்–கடற்கரை ரயிலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கிண்டியில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். எனக்கு எதிரே, கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, ஓர் இளைஞர். "கைபேசியில் இருக்கிறது சார்" என்று எடுத்தார். திரை கறுப்பாக இருந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் பவர் பேங்க் கொடுத்தார்; வயர் பொருந்தவில்லை. கதவோரம் நின்ற கல்லூரிப் பெண்ணின் வயர் கைமாறிக் கைமாறி வந்து சேர்வதற்குள் சைதாப்பேட்டை போய்விட்டது. மாம்பலத்தில் திரையில் பேட்டரிப் படம் தெரிந்தது. கோடம்பாக்கத்தில் கைபேசி உயிர்பெற்றது. நுங்கம்பாக்கத்தில் கடவுச்சொல் கேட்டது. பதற்றத்தில் இரண்டு முறை தப்பாகப் போட்டார். சேத்துப்பட்டில் டிக்கெட் வந்ததும் பெட்டியே பெருமூச்சு விட்டது. ஐந்து நிலையங்கள் பொறுமையாகக் காத்திருந்த அந்தப் பரிசோதகரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். டிக்கெட் இல்லையென்றால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் அல்லவா?

என் சீசன் டிக்கெட் காகிதம். சட்டைப் பையிலிருந்து எடுத்தேன், காட்டினேன், வைத்தேன். இந்தத் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ரயிலுக்கு மின்சாரம் வேண்டும், சரி. டிக்கெட்டுக்கு எதற்கு?

கிண்டி நிரலாளர்

ஐயா, அந்த இளைஞர் இரவில் சார்ஜ் போடவில்லை. அது கைபேசி டிக்கெட்டின் குற்றம் ஆகாது. கைபேசியில் வாங்கிய டிக்கெட்டைக் காட்ட இணையம்கூடத் தேவையில்லை. செயலியைத் திறந்தால் போதும்.

காகிதத்தின் பெருமையை எங்கள் வீட்டில் வந்து பேசுங்கள். அப்பா முப்பது ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் போனவர். கசங்கக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைப்பார். சித்திரை வெயில், வியர்வை, நெரிசல். ஒருநாள் பரிசோதகர் கேட்டபோது உறையிலிருந்து உருவினார். காகிதம் வெள்ளையாக வந்தது. எழுத்தெல்லாம் உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது! தேதியைப் பார்க்க உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று அப்பா பட்ட பாட்டை வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதனால்தான் என் டிக்கெட் கைபேசியில் இருக்கிறது. இனியும் அங்கேதான் இருக்கும்.

குரோம்பேட்டை கணக்கர்

தம்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டது பிழை. பழைய நாள்காட்டித் தாளை இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள். ஒட்டாது, கசங்காது. பத்தொன்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் வைக்கிறேன்.

பழவந்தாங்கல் தாமரை

நான் தம்பி பக்கம். மாதத்தின் முதல் வாரத்தில் கவுண்டர் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? வாசல் வரை நீளும். நான் இரவு பாத்திரம் தேய்த்து முடித்து, கை துடைத்து, கட்டிலில் உட்கார்ந்து சீசன் டிக்கெட் எடுத்துவிடுகிறேன். பெண்கள் பெட்டியில் எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஏழு பேர் கைபேசிதான்.

ஆனால் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. பால்கனியில் நின்றால் நடைமேடையில் நிற்பவரின் டிபன் பை தெரியும். சீசன் டிக்கெட்டுக்குத் தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு மாம்பலம் வரும் அம்மாவுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட் எடுக்கலாம் என்று செயலியைத் திறந்தால், நீங்கள் நிலையத்துக்குள் இருக்கிறீர்கள், இங்கிருந்து எடுக்க முடியாது என்கிறது. எங்கள் கூடத்தை நிலையம் என்கிறது! ரயிலுக்குப் போக வேண்டிய நான் எதிர்த்திசையில் தெருமுனை டீக்கடைவரை நடந்து டிக்கெட் எடுத்துத் திரும்பி வருகிறேன். கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் "டீயா, டிக்கெட்டா?" என்று கேட்கிறார்.

கிண்டி நிரலாளர்

அக்கா, அந்த விதிக்கு நல்ல காரணம் இருக்கிறது. தண்டவாளத்தருகே டிக்கெட் எடுக்கலாம் என்று விட்டால், எல்லாரும் சும்மா ஏறிக்கொண்டு, பரிசோதகரின் கறுப்புக் கோட்டு கண்ணில் பட்டதும் எடுப்பார்கள். அதைத் தடுக்கத்தான் இருக்கும் இடத்தைச் செயலி பார்க்கிறது. உங்கள் வீடு நடுவில் மாட்டிக்கொண்டது. டீக்கடைக்குப் போக வேண்டாம். நிலையச் சுவரில் க்யூஆர் குறியீடு ஒட்டியிருப்பார்கள். அதைச் செயலியில் ஸ்கேன் செய்தால் அங்கேயே டிக்கெட் எடுக்கலாம்.

குரோம்பேட்டை கணக்கர்

ஒட்டியிருப்பார்கள் என்றீர்களே, எதை? காகிதத்தை! பசை தடவிய காகிதம் சுவரில் இருந்தால்தான் உங்கள் கைபேசிக்கு டிக்கெட் கிடைக்கிறது. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திருமங்கலம் பயணி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மெட்ரோவுக்கு வாருங்கள். 2015 முதல் போகிறேன், ஒருநாளும் இந்தச் சண்டை இல்லை. அட்டையைத் தொட்டால் கதவு திறக்கும். 2023 முதல் வாட்ஸாப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

பழவந்தாங்கல் தாமரை

அண்ணா, மெட்ரோவில் குறைந்த கட்டணமே பத்து ரூபாய். அம்மா ஐந்து ரூபாயில் மாம்பலம் போய் முருங்கைக்காய் வாங்கி வருகிறார். கணக்கர் ஐயாவுக்கோ குரோம்பேட்டையில் மெட்ரோவே இல்லை. அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது.

குரோம்பேட்டை கணக்கர்

நன்றி அம்மா. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் கோபத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு விரல்ரேகை இயந்திரம் வைத்தார்கள். முக்கால் மணி நேரம் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டுப் போய்க் கட்டைவிரலை வைத்தால், "மீண்டும் முயற்சிக்கவும்" என்கிறது. மறுபடி வைத்தாலும் அதே. பக்கத்தில் நிற்கும் காவலர் "வணக்கம் சார், பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று கேட்கிறார். அவருக்கு என்னைத் தெரிகிறது, என் பேத்தியைத் தெரிகிறது. இயந்திரத்துக்கு என் விரலே தெரியவில்லை. மூன்று நிமிடத் தாமதம் பதிவாகிவிடுகிறது. காலையில் ஓர் இயந்திரம் படுத்துவது போதும். டிக்கெட்டையாவது என் கையில் விடுங்கள்.

பழவந்தாங்கல் தாமரை

ஐயா, கம்பி பிடித்த கையைக் கைக்குட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, கட்டைவிரலைத் தலைமுடியில் ஒருமுறை தடவி வையுங்கள். எண்ணெய்ப் பசை கொஞ்சம் பட்டால் ரேகை தெளிவாக விழும். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் வாசலில் தலையைக் கோதிக்கொண்டுதான் நுழைகிறோம்.

கிண்டி நிரலாளர்

அக்கா சொல்வது உண்மை, எங்கள் தளத்திலும் அப்படித்தான். ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் விரல்ரேகை இயந்திரத்தின் மீதுள்ள கோபத்தைக் கைபேசி டிக்கெட்டின் மீது இறக்குகிறீர்கள். பத்து நாள் சோதித்துப் பாருங்கள். வரிசையில் வீணாகும் அரை மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகும்.

குரோம்பேட்டை கணக்கர்

தலைமுடியைத் தடவினேன். முதல் முறையே ஏற்றுக்கொண்டது! தாமரை அம்மாவுக்கு என் வீட்டார் அனைவரின் நன்றியும். காவலரும் இப்போது எல்லாரிடமும் அதைச் சொல்கிறார்.

தம்பி, அந்த அரை மணி நேரம் வீணாகவில்லை. மாதத்துக்கு ஒருநாள், கவுண்டர் வரிசையில், யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது. கையில் ஒரு புத்தகம் இருக்கும். அலுவலகத்தில் கோப்பு, வீட்டில் பேத்தி, ரயிலில் நெரிசல். வேறெங்கும் எனக்குப் பக்கம் நகர்வதில்லை. வருகிற திங்கட்கிழமை சீசன் டிக்கெட் முடிகிறது. புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. வரிசையில் நிற்கத்தான் போகிறேன்.