வணிக நிலத்தைத் தனி வீட்டு மனைகளாக மாற்ற ஒப்புக்கொள்ளலாமா?

வினா – குடியிருப்போர் சங்கச் செயலாளர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திற்கு மேற்கே, பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பழைய சாலையில், எங்கள் நகரை ஒட்டி ஏறத்தாழ 3 ஏக்கர் நிலம் பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் அது வணிக உபயோகப் பகுதி. சாலையோரம் கட்டிய கடைகளில் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றுதான் நடக்கிறது. மற்றவை ஷட்டர் இறக்கியபடியே இருக்க, ஒன்றில் யாரோ வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். விக்கிரவாண்டி–தஞ்சை நான்குவழிச் சாலை வந்த பிறகு வெளியூர் வண்டிகள் இப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது உரிமையாளர் அதனைக் குடியிருப்பு உபயோகத்திற்கு மாற்றித் தருமாறு விண்ணப்பித்திருக்கிறார். தனி வீடுகளுக்கு மட்டுமே மனை விற்கப் போவதாகவும் அடுக்குமாடி வராது என்றும் எங்களிடம் சொல்கிறார். ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வந்துவிட்டது. புதர் மண்டிக் கிடப்பதற்கு வீடுகள் வரட்டும் என்று ஒரு சாராரும், கடைகளுக்கான ஒரே இடத்தையும் இழந்துவிடக் கூடாது என்று மற்றொரு சாராரும் நிற்கிறார்கள். விவரம் அறிந்தவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறோம்.

மறுமொழி 1 – நகரமைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

செயலாளர் ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். நம் மாநில விதிகளின்படி வணிக உபயோகப் பகுதியில் வீடு கட்டுவதற்குத் தடை இல்லை. ஆகவே இந்த மாற்றத்தால் வீடு கட்டும் உரிமை ஒன்றும் புதிதாக வந்துவிடாது. பெரிய கடை, கல்யாண மண்டபம், கிடங்கு போன்றவை அங்கு வரும் வாய்ப்புதான் குறையும். மனை வாங்க வருபவர் ‘பக்கத்து மனையில் நாளை மண்டபம் வந்து நள்ளிரவு வரை மேளம் கொட்டுமோ’ என்று தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் போக்கி விலையை உயர்த்துவதே உரிமையாளரின் நோக்கமாக இருக்க வேண்டும். அதில் குற்றம் ஏதும் இல்லை.

ஆனால் ‘தனி வீடு மட்டும்’ என்ற வாக்குறுதியை நம்பி முடிவெடுக்காதீர்கள். தனி வீட்டுக்கு மட்டுமென்று ஒதுக்கும் உபயோகப் பகுதி இங்கே கிடையாது. குடியிருப்புப் பகுதி என்றால், சாலை அகலமும் மனை அளவும் இடம் கொடுக்கும் வரையில் அடுக்குமாடியும் அதில் அடக்கம். மனையை வாங்கியவர் நான்கு வீடுகள் எழுப்பினால் இன்றைய வாய்மொழி அவரைக் கட்டுப்படுத்தாது.

திறந்தவெளி ஒதுக்கீட்டையும் கவனியுங்கள். 3 ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ கட்டாயம் விட்டாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்திற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க வழி உண்டு. அதனாலேயே ஒரே நிலத்தை இரண்டாகப் பிரித்து, இருவர் பெயரில் தனித்தனியே விண்ணப்பிக்கும் சாமர்த்தியம் நடக்கிறது.

மறுமொழி 2 – மளிகைக் கடை நடத்துபவர், பாபநாசம்

கடைகள் மூடிக் கிடப்பதால் அங்கே வணிகமே எடுபடாது என்ற முடிவுக்கு வருவது சரியாகப் படவில்லை. வெளியூர் வண்டியை நம்பிய கடைகள்தாம் விழுந்தன. புதிதாக இத்தனை குடும்பங்கள் குடியேறினால் பாலும் காய்கறியும் மருந்தும் வாங்க அவர்கள் எங்கே போவார்கள்? வண்டி ஓட்டத் தெரியாத முதியவர்களும் பெண்களும் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காகப் பேருந்துக்குக் காத்திருக்கும் நகர்களை நான் பார்த்திருக்கிறேன். சாலையை ஒட்டிய ஒரு வரிசையை மட்டும் வணிகமாகவே நிறுத்தி, பின்பகுதியை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள். முழுவதையும் விட்டுக் கொடுத்த பிறகு திரும்பக் கேட்டால் எவரும் தரப்போவதில்லை.

மறுமொழி 3 – விவசாயி, திருவாரூர் மாவட்டம்

வீடா கடையா என்று விவாதிக்கும் அன்பர்கள் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். டெல்டாவில் எந்த நிலமானாலும் அதன் ஓரமாகவோ குறுக்காகவோ ஒரு வாய்க்கால் போகும். மனை போடுபவர் முதல் வேலையாகச் சவுடு மண்ணைக் கொட்டி, சாலை மட்டத்திற்கு மேல் இரண்டு மூன்று அடி உயர்த்துவார். வாய்க்கால் ஒரு சிறு குழாய்க்குள் அடங்கும், அல்லது காணாமலே போகும். கோடையில் எதுவும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது புது நகர் மேட்டில் உலர்ந்து நிற்க, பக்கத்துப் பழைய தெருவில் தண்ணீர் கொல்லை வழியாக ஏறி அடுக்களை அடுப்பு வரை நிற்கும். எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது. அதற்கும் கீழே இருந்த சம்பா வயல்கள் வடிய வழியின்றி அழுகின.

இருப்பினும் நான் இந்த மாற்றத்தை எதிர்க்கவில்லை. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால் நஞ்சையில் இனி மனை போட முடியாது என்று பலர் எண்ணுகிறார்கள். அச்சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்ற தொழில்களைத்தான். வீட்டு மனைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஊருக்குள் சும்மா கிடக்கும் நிலத்தில் வீடு வரவில்லையென்றால் அடுத்து வரப்பு வெட்டப்படுவது எங்கள் வயலில்தான். ஆகவே மாற்றட்டும், அதற்கு முன் அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்பட நகலையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்கி, வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கான அரசு நிலம், எங்கே, எத்தனை அகலத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

செயலாளர்

மிக்க நன்றி. நிலத்தின் வடக்கு ஓரத்தில் கோரை மண்டிய ஒரு பள்ளம் ஓடுகிறது. அதைச் சாக்கடை என்றே இதுவரை எண்ணியிருந்தவர்கள் எங்களில் பலர். பதிவேட்டு நகலுக்கு விண்ணப்பிக்கிறோம். ஆட்சேபணை என்று எழுதாமல் நிபந்தனைகளுடன் கூடிய கருத்தாக எழுதினால் ஏற்பார்களா?

மறுமொழி 1, மீண்டும்

ஏற்பார்கள். சாலையோர வரிசை வணிகமாகவே நீடிக்க வேண்டும், வாய்க்கால் பதிவேட்டில் உள்ள அகலத்தில் திறந்தபடியே விடப்பட வேண்டும், தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பது ஆணையிலேயே குறிக்கப்பட வேண்டும் என்ற மூன்றையும் சர்வே எண்ணுடன் எழுதி, கெடுவுக்குள் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நிலத்தை இரண்டாகப் பிரித்து விண்ணப்பம் வந்தாலும் ஒரே மனைப்பிரிவாகக் கருத வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். மாற்ற ஆணை வெளியான பிறகு மனைப்பிரிவு அனுமதி தனியே நடக்கும். அந்த வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிறதா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.