ஆளி விதைப் பேன்கேக் திருப்பும்போது உடைந்துபோகிறது: மாவில் எங்கே பிழை?

ஈசூன் மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. நீண்ட காலமாக நீரிழிவு உள்ளது. சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், காலை உணவில் மாவுச்சத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேன்கேக் சாப்பிடும்போது, அப்பா அவித்த முட்டையை மெதுவாக உரித்துக்கொண்டே அவர்கள் தட்டைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் ஆளி விதையில் செய்து பார்க்கலாம் என்று முயன்றேன்.

அரைத்து விற்கும் பொடி ஒரு கப், முட்டை இரண்டு, பால் அரை கப், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்கினேன். முதலில் தண்ணீராக இருந்த மாவு, பத்து நிமிடத்தில் களிபோல இறுகியது. இரண்டு முறை பால் விட்டுத் தளர்த்தி, தோசையைப் போலப் பெரிதாக ஊற்றினேன். மேலே நன்றாகச் சிவந்தது, ஆனால் திருப்பியபோது இரண்டாக உடைந்தது. நடுவில் பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் லேசான கசப்பும், சுவருக்குப் பூசும் சாயத்தின் வாடையும் வருகின்றன. இந்த வாடை ஆளி விதைக்கு இயல்பானதா? சரியான அளவு என்ன? அம்மா வெள்ளிக்கிழமைகளில் முட்டை சாப்பிடமாட்டார். அவருக்காக முட்டையில்லாமல் செய்ய வழி உண்டா?

தேக்கா வாசி எழுதியது:

வாடையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது இயல்பானது அன்று. உங்கள் பொடி கெட்டுவிட்டது. ஓவியர்கள் எண்ணெய்ச் சாயத்தில் கலப்பது இதே ஆளி விதையின் எண்ணெயைத்தான். காற்றுப் பட்டால் அது விரைவில் மாறும் தன்மையுடையது என்பதால்தான் சாயம் காய்ந்து இறுகுகிறது. முழு விதையாக இருக்கும்வரை மேல்தோல் அந்த எண்ணெயைக் காக்கிறது. அரைத்தவுடன் அந்தக் காவல் போய்விடுகிறது. நம் சிங்கப்பூர் வெக்கையில் அலமாரியில் வைத்த பொடி எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முழு விதையாக வாங்குங்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்து மளிகைக் கடைகளில் ‘அல்சி’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். தட்டையாக, வழவழப்பாக, பழுப்பு நிறத்தில் இருப்பதுதான் ஆளி. பக்கத்திலேயே இருக்கும் சப்ஜாவையும் சியாவையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்சியில் நிறுத்தி நிறுத்தி அரைத்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். விடாமல் ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். முழுதாகவே மாவில் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும்.

உட்லண்ட்ஸ் அத்தை எழுதியது:

ஈசூன் மகளே, உங்கள் மாவு இறுகியதில் தவறே இல்லை. ஆளி விதையின் குணமே அதுதான். விதையின் தோலில் ஒருவகைப் பசை இருக்கிறது, தண்ணீர் பட்டதும் அது ஊறிக் கெட்டியாகும். அது முழுமையாக ஊறுவதற்குள் நீங்கள் மாவின் பதத்தைக் கணித்துவிட்டு, இறுகிய பிறகு மறுபடி மறுபடி பால் ஊற்றியதுதான் பிழை. கூடுதலாகச் சேர்ந்த நீரை அந்தப் பசை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வெளியே சிவந்த பின்னும் உள்ளே வேகாது. மைதாவில் இழுபட்டு நிற்கும் தன்மை ஒன்று உண்டு. இதில் அது இல்லை. ஆகவே பேன்கேக்கைத் தாங்கி நிற்கவேண்டியது முட்டைதான், உங்கள் அளவில் பொடிக்கு ஏற்ற முட்டை இல்லை.

நான் செய்யும் அளவு இது. ஆளிப் பொடி 60 கிராம், பாதாம் மாவு 25 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, விருப்பமானால் பட்டைத்தூள். முட்டை மூன்றையும் தனியே நுரைக்க அடித்து, 60 மில்லி தண்ணீர் சேர்த்து, பொடியில் ஊற்றிக் கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கைபடாமல் வையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் மாவு தயங்கித் தயங்கி விழவேண்டும். விழவில்லையென்றால் ஒரே ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். சட்டியைச் சிறு தீயில் வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். ஆறு வரும். மைதாவில்போல மேலே குமிழி வெடித்துத் துளை விழும் என்று காத்திருந்தால் அடி கருகிவிடும். ஓரத்தில் மினுமினுப்பு மறைந்து விரல் அகலத்துக்கு மங்கலான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் திருப்பவேண்டிய நேரம். தோசைத் திருப்பியை முழுமையாக உள்ளே செலுத்தி ஒரே வீச்சில் திருப்பி, மூடிபோட்டு இரண்டு நிமிடம் வையுங்கள்.

100 கிராம் ஆளி விதையில் ஏறத்தாழ 29 கிராம் மாவுச்சத்து என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அதில் 27 கிராம் நார்ச்சத்து. அதே 100 கிராம் மைதாவில் 75 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கிறது. ஆனால் ஆளியில் கொழுப்பு 42 கிராம், கலோரியும் 530க்கு மேல். ஆகவே அப்பாவுக்கு இரண்டு போதும், மீதியை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். இத்தனை பாடுபட்டுச் செய்துவிட்டு அதன்மேல் காயா என்னும் இனிப்புத் தேங்காய் ஜாமையோ குலா மலாக்கா என்னும் பனைவெல்லப் பாகையோ ஊற்றாதீர்கள். கெட்டித் தயிரும் நான்கைந்து ஸ்ட்ராபெரியும் போதும். எங்கள் வீட்டில் பட்டைக்குப் பதிலாகச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டுச் செய்தால்தான் பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

முட்டையில்லாமல் இதே பேன்கேக் எழும்பி வராது, இதை உண்மையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மேசைக்கரண்டி ஆளிப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்து ஒரு முட்டைக்கு ஈடாகப் போடுவார்கள்; மாவுப் பலகாரத்தில் அது எடுபடும், மாவே ஆளியாக இருக்கும்போது பசைமேல் பசையாகிவிடும். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து இஞ்சியோடு அரைத்து, இரண்டு கரண்டி ஆளிப் பொடி கலந்து அடையாக வார்த்துக்கொடுங்கள். பருப்பில் மாவுச்சத்து உண்டு என்பதால் அதை அப்பாவின் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஜூரோங் தாதி எழுதியது:

செய்முறையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, மருந்தைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். உங்கள் அப்பா கிளிபிசைட், கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், காலையில் ரொட்டிக்குப் பதில் இதைக் கொடுத்த அன்றும் மருந்து பழைய அளவிலேயே வேலை செய்யும். அப்போது இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். ஆகவே மாற்றத்தைத் தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் ஆளி விதையைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். நார்ச்சத்து அதிகம் என்பதால் கூடவே தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். பழக்கமில்லாத வயிற்றுக்கு முதல் வாரம் ஒரு பேன்கேக்கே போதும்.

ஈசூன் மகள் மறுபடி எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அப்பா எடுப்பது மெட்ஃபார்மின் மட்டும்தான், தாதி சொன்ன மாத்திரைகளோ இன்சுலினோ இல்லை. இருந்தாலும் மருந்தகத்தில் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே செய்தேன். பழைய பொடியைக் கொட்டிவிட்டு தேக்காவில் முழு விதை வாங்கி அரைத்தேன். வேர்க்கடலை வாசம் போல இருந்தது, கசப்பே இல்லை. அத்தை சொன்னபடி ஓரம் மங்கும்வரை காத்திருந்தேன். முதலாவது கொஞ்சம் கிழிந்தது, தீ கூடுதலாக இருந்திருக்கும். மற்ற ஐந்தும் முழுதாகத் திரும்பின. வெங்காயம் போட்டதை அப்பா இரண்டு சாப்பிட்டார். சின்னப் பேத்தி தன் தட்டை விட்டுவிட்டு அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டாள்.

அத்தை, இன்னும் ஒரு சந்தேகம். கலந்த மாவை இரவே குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

உட்லண்ட்ஸ் அத்தை எழுதியது:

வேண்டாம், காலையில் கல்லாக இருக்கும். பொடிகளை மட்டும் அளந்து ஒரு டப்பாவில் கலந்து உறைபெட்டியில் வையுங்கள். முட்டையும் தண்ணீரும் காலையில் சேர்த்தால் போதும். சுட்டதை வேண்டுமானால் இரண்டு நாள் குளிரில் வைத்து, சட்டியில் சூடுகாட்டிக் கொடுக்கலாம்.