காடியில் பலகை இறங்கவில்லை. சனிக்கிழமைக்குள் பொருத்த வேண்டும், உதவி தேவை

குழித்துறை_பட்டறை (செவ்வாய், காலை 9.10)
அனைவருக்கும் வணக்கம். பாறசாலையில் ஒரு வீட்டுச் சமையலறைக்கு, கணினி நடத்தும் சி.என்.சி. வெட்டு இயந்திரத்தில் கேபினெட் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஆவணி பிறந்ததும் பால்காய்ப்பு என்று நாள் குறித்துவிட்டதால் சனிக்கிழமைக்குள் பொருத்தி முடித்தாக வேண்டும். ஆறு ஷீட் வெட்டியபின் கூட்டிப் பார்த்தால், அடித்தட்டு பக்கப் பலகையின் காடியில் (பலகை முனையைச் சொருகும் பள்ளத்தில்) இறங்கவே மறுக்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டியதில் காடியின் ஓரம் பிளந்து ஒரு பக்கப் பலகை வீணாகிவிட்டது. ஹிஞ்சும் கதவில் உட்காரவில்லை. போன மாதம் இதே கோப்பில் வெட்டிய கேபினெட்டுகள் கையால் அழுத்தியதுமே சேர்ந்தன. நான் எதையும் மாற்றவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கூடலூர்_மில்லிங் (காலை 9.32)
எந்த மென்பொருள், எந்தக் கன்ட்ரோலர், பலகையின் தடிமன் என்ன, பிட்டின் (வெட்டும் முனைக் கருவியின்) அளவு என்ன, ஆழத்தை எத்தனை பாஸில், அதாவது எத்தனை தடவையாக வெட்டுகிறீர்கள், என்ன வேகம் என்று ஒன்றையுமே நீங்கள் சொல்லவில்லை. இறங்கவில்லை என்றால் எவ்வளவு இறுக்கம்? கால் மில்லிமீட்டரா, இரண்டு மில்லிமீட்டரா? இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

செங்கோட்டை_பிளைவுட் (காலை 9.50)
இதற்கு இத்தனை கேள்விகள் தேவையில்லை. எங்கள் பக்கம் சாரல் தொடங்கினால் கடையில் அடுக்கிய பிளைவுட்டும் உப்பும், வாங்கிப்போனவரின் பட்டறையில் சாத்திவைத்ததும் உப்பும். பெரும்பாவூரிலிருந்து லாரியில் வரும்போதே தார்ப்பாய் விலகி ஓரம் நனைந்த ஷீட்டுகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பலகை தடித்திருக்கிறது, காடி அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் காய வைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

அச்சு_துல்லியம் (மூத்த உறுப்பினர், காலை 10.15)
இதே கேள்விக்கு நான் இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இயந்திரத்தை வாங்கியவுடன் அச்சுகளை (இயந்திரம் நகரும் திசைகளை) அளவீடு செய்து சரிபார்க்க வேண்டும் என்ற அரிச்சுவடியைக் கற்காமல், ஆறு ஷீட்டை வெட்டிவிட்டு வந்து கேட்டால் என்ன செய்வது? ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் வைக்க வேண்டும் என்ற எண் தவறியிருக்கிறது. ராக் (பல் சட்டம்), பினியன் (அதில் ஓடும் பல்சக்கரம்) மாற்றியவர்களில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்: மாடுல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 1.5 உள்ள நேர்ப்பல் ராக்கில் பல்லுக்குப் பல் இடைவெளி 4.712 மி.மீ.; அதே மாடுல் சாய்பல் ராக்கில், சாய்வு ஏறத்தாழ 19.5 டிகிரி என்றால், இடைவெளி 5 மி.மீ. தம்பி, முதலில் உங்கள் ராக் எது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

குழித்துறை_பட்டறை (பகல் 12.05)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மென்பொருள் ஃபியூஷன், இயந்திரம் எட்டுக்கு நான்கு, 6 மி.மீ. ஸ்பைரல் பிட், இரண்டு வெட்டுவாய். ராக் எதையும் மாற்றவில்லை. பலகையும் நனையவில்லை, ஷெட்டுக்குள் மரச்சட்டத்தின்மேல்தான் படுக்கவைத்திருக்கிறேன்.

கூடலூர்_மில்லிங் (பகல் 12.20)
தடிமன்?

செங்கோட்டை_பிளைவுட் (பகல் 12.24)
லைனர் என்ற மெல்லிய லேமினேட் ஒட்டிய பலகையா? ஒட்டுவதற்கு முன் அளந்தீர்களா, பின் அளந்தீர்களா? 18 என்று எழுதிய ஷீட் 18 இருக்கும் என்று நம்பிப் படம் வரைகிறவர்களை வாரம் ஒருவராகப் பார்க்கிறேன்.

கம்பம்மெட்டு (பகல் 1.02)
குழித்துறைக்காரரே, காரணத்தை ஊகிப்பதற்கு முன் ஐந்து அளவுகளைச் சொல்லுங்கள். காலிப்பரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, படத்தில் இருக்கும் அளவையும் கையில் இருக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: அடித்தட்டின் நீளம், நீங்கள் வெட்டியதிலேயே நீளமான பலகை, காடியின் அகலம், ஹிஞ்ச் கப் இறங்கும் 35 மி.மீ. துளை, தட்டு தாங்கும் குச்சிக்கான 5 மி.மீ. துளை. அந்த 5 மி.மீ. துளையைப் பிட்டால் சுற்றி வெட்டுகிறீர்களா, ட்ரில்லால் நேராக இறக்குகிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழித்துறை_பட்டறை (மாலை 4.40)
பலகை: 16 மி.மீ. பிளைவுட், இருபுறமும் 0.8 லைனர், அழுத்தி எடுத்தபின் நான்கு மூலையிலும் 17.7 முதல் 17.8 வரை. படத்தில் 17.8 என்றே கொடுத்து, காடியை 18 ஆக வைத்திருக்கிறேன்.
அடித்தட்டு: படத்தில் 576.4, கையில் 576.7.
உயர அலமாரியின் பக்கப் பலகை: படத்தில் 2100, கையில் 2100.3 போலத் தெரிகிறது.
காடி: படத்தில் 18, கையில் 17.7.
ஹிஞ்ச் துளை: படத்தில் 35, கையில் 34.7.
குச்சித் துளை 5 மி.மீ. ட்ரில்லால் போட்டது, அது சரியாக இருக்கிறது.

கம்பம்மெட்டு (மாலை 5.15)
நன்றி. இந்த எண்களே முக்கால்வாசி விடையைச் சொல்லிவிடுகின்றன.

576 மி.மீ. பலகையிலும் 0.3 கூடுதல், 2100 மி.மீ. பலகையிலும் அதே 0.3 கூடுதல். ஸ்டெப் கணக்கு தவறியிருந்தால் பிழை நீளத்தோடு வளர்ந்திருக்கும். சின்னப் பலகையில் 0.3 என்றால் உயரப் பலகையில் ஏறத்தாழ 1.1 வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே அச்சுகளின் மேல் பழி போட இடமில்லை.

அடுத்ததாக, பலகையின் வெளி அளவு கூடியிருக்கிறது. காடியும் துளையும் ஆகிய உள் அளவுகள் அதே 0.3 குறைந்திருக்கின்றன. பிட் பக்கவாட்டில் நகர்ந்து வெட்டிய எல்லா இடத்திலும் பிழை இருக்கிறது. ட்ரில் நேராக இறங்கிய துளையில் மட்டும் இல்லை. மென்பொருள் உங்கள் பிட்டை 6 மி.மீ. என்று நம்பி, அதன் மையத்தைக் கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி நடத்துகிறது. உண்மையில் பிட் 5.7 தான் என்றால், ஒவ்வோர் ஓரத்திலும் 0.15 மி.மீ. வெட்டப்படாமல் நின்றுவிடும். இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து 0.3. அந்தப் பிட்டைச் சாணை பிடிக்கக் கொடுத்தீர்களா?

அச்சு_துல்லியம் (மாலை 5.48)
எல்லாவற்றுக்கும் பிட்டையே காரணம் காட்டுவது இப்போதைய வழக்கமாகிவிட்டது. நீளத்தோடு வளராத பிழைக்குப் பேக்லாஷ் என்றும் ஒரு காரணம் உண்டு என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். பினியன் தேய்ந்து பல்லுக்கிடையே லூஸ் விழுந்தால் எந்த நீளத்திலும் அதே பிழைதான் வரும்.

கம்பம்மெட்டு (மாலை 6.05)
ஐயா, பேக்லாஷ் என்றால் இயந்திரம் திரும்பும்போது கொஞ்சம் தூரத்தை விழுங்கிவிடும். பிட் போகும் பாதையே சுருங்கும். அப்போது பலகையும் சிறுக்கும், காடியும் சிறுக்கும். இங்கே பலகை பெருத்தும் காடி சிறுத்தும் இருக்கிறது. அந்தக் காரணம் இதற்குப் பொருந்தாது.

கூடலூர்_மில்லிங் (மாலை 6.30)
ஒரு வாய்ப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. வேகமாக ஓட்டும்போது மெல்லிய பிட் வளைந்து, வெட்டும் ஓரத்திலிருந்து விலகினாலும் இதே விளைவு வரும்: பலகை பெருக்கும், காடி சிறுக்கும். வேகத்தை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. 18,000 சுற்றில், இரண்டு வெட்டுவாயில், நிமிடத்துக்கு 5,000 மி.மீ. என்றால் ஒரு வாய்க்கு 0.14 மி.மீ. சீவல், அது பிளைவுட்டுக்கு நியாயமான கணக்கு. அதற்குமேல் விரட்டியிருந்தால், அல்லது 18 மி.மீ. ஆழத்தை ஒரே பாஸில் வெட்டியிருந்தால், வளைவைச் சந்தேகிக்கலாம்.

கம்பம்மெட்டு (மாலை 6.52)
நியாயமான சந்தேகம். ஆனால் வளைவு ஆழத்தைப் பொறுத்தது. முழுத் தடிமனையும் அறுத்த ஓரத்திலும், 6 மி.மீ. மட்டுமே ஆழமான காடியிலும் ஒரே 0.3 வந்திருப்பது இடிக்கிறது. குழித்துறைக்காரர் வெட்டிய ஓரத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கட்டும். பிட் வளைந்திருந்தால் ஓரம் சாய்ந்து, ஒரு முனையில் கீற்றாக வெளிச்சம் தெரியும்.

அதைவிட எளிதான சோதனை ஒன்று இருக்கிறது. கழிவுத் துண்டு ஒன்றில், எந்தப் பக்கமும் தள்ளாமல், கோட்டின் மேலேயே பிட்டை 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரே பாஸில் மெதுவாக 200 மி.மீ. தூரம் ஓட்டுங்கள். அந்தத் தடத்தின் அகலம்தான் உங்கள் பிட் உண்மையில் வெட்டும் விட்டம். பிறகு வேறொரு 6 மி.மீ. பிட்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் தண்டைப் படுக்கவைத்துத் தடத்தில் அழுத்துங்கள். சரியான பிட் வெட்டிய தடமென்றால் தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். குறைந்த பிட் என்றால் வாயிலேயே நின்றுவிடும். சாணை பிடித்தவர் வெட்டுவாயைத்தான் தேய்ப்பார், தண்டைத் தொடமாட்டார். அதனால்தான் தண்டை அளந்தால் எப்போதும் 6 என்றே காட்டும்.

செங்கோட்டை_பிளைவுட் (இரவு 8.10)
பிட்டைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். சமையலறைக்கு ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) எண் 303 பிளைவுட் போட்டிருக்கிறாரா, 710 போட்டிருக்கிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லையே. பாறசாலைப் பக்கத்து மழைக்கும் சிங்க் அடியிலுள்ள ஈரத்துக்கும் ஐ.எஸ். 710 மெரைன் தவிர வேறெதுவும் நிற்காது.

வாளையார்_தச்சன் (இரவு 8.35)
சிங்க் கேபினெட்டுக்கு 710 என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மேலே தொங்கும் கேபினெட்டுக்கும் அதையே போடச் சொல்வது வாடிக்கையாளரின் பணப்பையைப் பிழிவதாகும். ஐ.எஸ். 303-இலேயே பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம் இருக்கிறது; எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) தரத்தைத்தான் ஈரத்துக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. முத்திரையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பேசினால் இப்படித்தான் குழப்பம் வரும்.

செங்கோட்டை_பிளைவுட் (இரவு 8.41)
விற்பவன் நான், எது திரும்பி வருகிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

வாளையார்_தச்சன் (இரவு 8.58)
பொருத்துகிறவன் நான், திரும்பிப்போய்க் கழற்றுகிறவனும் நானே. அது இருக்கட்டும். குழித்துறைத் தம்பிக்கு ஒரு சொல்: வெட்டியதை எறிந்துவிடாதீர்கள். அடித்தட்டின் முனையில் 6 மி.மீ. அகலத்துக்கு, அடிமுகத்தில் மட்டும் இழைப்புளி கொண்டு இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். எங்கள் பக்கம் சிந்தேர் என்று சொல்வோம். இழைத்த இடம் காடிக்குள் மறைந்துவிடும், யார் கண்ணிலும் படாது.

அச்சு_துல்லியம் (இரவு 9.20)
லைனரின்மேல் இழைப்புளியா? நாலாவது பலகையிலேயே இரும்பின் வாய் மழுங்கிவிடும். சி.என்.சி. வாங்கிய பிறகும் இழைப்புளியைத் தேடுகிறவர்கள் அதை ஏன் வாங்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வாளையார்_தச்சன் (இரவு 9.31)
மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். தீட்டினால் அதன் விட்டம் குறைந்துவிடாது.

கம்பம்மெட்டு (இரவு 9.47)
இரண்டு வழியும் உண்டு. பலகைகள் நிறைய இருந்தால், மென்பொருளில் பிட்டின் உண்மையான விட்டத்தைக் கொடுத்து, காடிக்கும் ஹிஞ்ச் துளைக்கும் மட்டும் மறுபடி பாதை எடுத்து ஓட்டிவிடலாம்; இரண்டுமே சிறுத்திருப்பதால் இன்னும் வெட்டுவதற்கு மரம் மிச்சமிருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பலகை ஒவ்வோர் ஓரத்திலும் 0.15 கூடுதலாக இருப்பதால், மேசையின் மூலைக் கட்டையோடு ஒட்டி வைக்கும்போது தொடக்கப் புள்ளியை இரண்டு அச்சிலும் 0.15 பலகையின் உள்நோக்கித் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் காடியின் ஒரு சுவர் மட்டும் 0.3 வெட்டுப்படும், மற்றது தொடப்படாமலே நிற்கும். காடி அவ்வளவும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

அடித்தட்டின் நீளம் 0.3 கூடியதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஏழு கேபினெட் வரிசையாக நின்றாலும் மொத்தம் 2.1 மி.மீ. தான் ஏறும், சுவரோரத்து ஃபில்லர் பட்டையில் அதைச் சீவிவிடலாம்.

கூடலூர்_மில்லிங் (புதன், காலை 8.05)
சோதனை செய்து பார்த்தீர்களா?

கூடலூர்_மில்லிங் (புதன், இரவு 7.30)
குழித்துறைக்காரர் இருக்கிறாரா?

குழித்துறை_பட்டறை (வெள்ளி, இரவு 11.20)
தாமதத்துக்கு மன்னிக்கவும். தண்டு தடத்தில் இறங்கவில்லை; காலிப்பரில் 5.7. மூலைமட்டத்தில் ஓரம் நேராகத்தான் இருந்தது. பிட்டுகளை நாகர்கோவிலில் ஒரு கடையில் சாணை பிடித்து வாங்கியிருந்தேன். புதிது வாங்கவில்லை, பழைய பிட்தானே என்பதால் அதை மாற்றம் என்றே நான் நினைக்கவில்லை. அவர்கள் தந்த பிளாஸ்டிக் குப்பியின் மூடியில் மார்க்கர் பேனாவால் 5.7 என்று எழுதியிருக்கிறது. வரிசை எண் என்று நினைத்துவிட்டேன். பக்கப் பலகைகளையும் கதவுகளையும் மீண்டும் ஓட்டினேன். எட்ஜ் பேண்ட் ஒட்டிவிட்ட இரண்டு கேபினெட்டுகளுக்கு மட்டும் சிந்தேர். எல்லாம் சேர்ந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு வண்டி ஏற்ற வேண்டும். அனைவருக்கும் நன்றி.

அச்சு_துல்லியம் (வெள்ளி, இரவு 11.41)
அளவீடு செய்யாமல் வெட்டியதால் வந்த வினை என்று முதல் பதிலிலேயே சொல்லியிருந்தேன்.

கம்பம்மெட்டு (சனி, காலை 7.15)
பிட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாணை பிடித்து வந்தவை மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடம் ஓட்டி அளந்து, மென்பொருளின் கருவிப் பட்டியலில் தனித்தனிப் பெயரில் பதிந்துவிடுங்கள். எல்லாமே 5.7 ஆக இருக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றக் குப்பிகளின் மூடியையும் பாருங்கள்.

செங்கோட்டை_பிளைவுட் (சனி, காலை 9.02)
சிங்க் கேபினெட்டுக்கு என்ன போட்டார் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.