சாட்டா ஒயரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா?

தக்கலை_எடிட்டர்:
அனைவருக்கும் வணக்கம். கல்யாண வீடுகள், கோவில் கொடைகள், தேவாலயத் திருவிழாக்கள் ஆகியவற்றின் வீடியோக்களை எடிட்டிங் செய்து கொடுப்பது என் தொழில். அலுவலகத்தில் ஓடிக் கழிந்த பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்றில்தான் வேலை செய்கிறேன். அதன் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பெட்டி) 300 வாட். இப்போது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். கார்டில் எட்டு பின் பவர் சாக்கெட் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான ஒயர் இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் சாட்டா ஒயரை எட்டு பின்னாக மாற்றும் அடாப்டர் போட்டால் போதும் என்று கார்டு வாங்கிய கடையில் சொன்னார்கள். மாட்டலாமா?

வடசேரி_சர்வீஸ்:
தம்பி, மாட்டலாம். கார்டுக்கு 170 வாட், உங்கள் பிராசஸருக்கு 65 வாட், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 40 வாட் என்று வைத்தாலும் 275 வாட்தான் வருகிறது. பிராண்டட் இயந்திரத்தில் வரும் 300 வாட் எஸ்எம்பிஎஸ், லேபிளில் போட்டிருப்பதை உண்மையாகவே கொடுக்கும். சந்தையில் கிடைக்கும் மலிவான 450 வாட் பெட்டிகளை விட அது மேல். கார்டுக்கே பணத்தைக் கொட்டிய ஒருவரை உடனே புது எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கச் சொல்வது எளிது, வாங்குகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

குளச்சல்_வயர்மேன்:
அண்ணாச்சி, கூட்டுத்தொகையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 300 வாட் இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்தக் கரண்ட் எந்த ஒயர் வழியாக, எந்தப் பின் வழியாகக் கார்டுக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம். அதில் 12 வோல்ட் பங்கு 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். கார்டு ஸ்லாட்டிலிருந்து அந்த 66 வாட்டையும் முழுமையாக எடுத்துக்கொண்டாலும், 170 வாட்டில் மீதி 104 வாட் ஒயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். ஹார்டு டிஸ்க்குக்காகச் செய்த கனெக்டரிடம் அதன் வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறோம்.

அந்த அடாப்டரில் இன்னொரு கேடும் இருக்கிறது. எட்டு பின் சாக்கெட்டில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்தான் உண்டு. மீதியில் இரண்டு சென்ஸ் பின்கள். எதிர்முனையில் 150 வாட் தரக்கூடிய ஒயர் இருக்கிறது என்று கார்டுக்குத் தெரிவிப்பது அவைதான். அடாப்டர் அவ்விரண்டையும் கிரவுண்டோடு (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரோடு) சேர்த்துவிடுகிறது. கார்டும் 150 வாட் இருக்கிறது என்று நம்பி, கேட்கத் தொடங்கிவிடுகிறது.

வடசேரி_சர்வீஸ்:
நான் ஒற்றைச் சாட்டா அடாப்டரைச் சொல்லவில்லை. இரண்டு சாட்டா கனெக்டர்களை ஒரே எட்டு பின்னில் சேர்க்கும் அடாப்டரும் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு 54 சேர்ந்தால் 108 வாட். நீங்கள் சொன்ன 104 அதற்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஆஃப்டர்பர்னர் என்ற நிரலில், கார்டு இழுக்கும் கரண்டுக்கான பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்தால் கார்டு சுமார் 120 வாட்டில் நின்றுவிடும். எடிட்டிங் வேலைக்கு அந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது. இந்த மாதிரி அமைத்துக் கொடுத்த இயந்திரங்கள் நாகர்கோவிலில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

குளச்சல்_வயர்மேன்:
பவர் லிமிட்டைக் குறைப்பது நல்ல பழக்கம். சூடும் சத்தமும் குறையும் என்பதால் நானும் அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அது மென்பொருளில் போடும் கட்டுப்பாடு. விண்டோஸ் எழுந்து அந்த நிரல் ஓடத் தொடங்கும் வரை அது கிடையாது. டிரைவரைப் புதுப்பித்தாலோ விண்டோஸை மறுபடி நிறுவினாலோ கார்டு பழைய 170 வாட்டுக்குத் திரும்பிவிடக்கூடும். மேலும் லிமிட் என்பது சராசரிக்குத்தான். நொடியின் மிகச் சிறு பகுதியில் கார்டு அதற்கு மேலும் இழுக்கும்.

இரண்டு சாட்டா கனெக்டர் என்கிறீர்கள். பெரும்பாலும் அவை இரண்டும் ஒரே ஒயரில் அடுத்தடுத்துக் கோத்தவை. அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து முதல் கனெக்டர் வரையுள்ள ஒற்றை 12 வோல்ட் ஒயரே முழு 8.7 ஆம்பியரையும் சுமக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் பங்கும் அதன் மேல்தான். இரண்டு கனெக்டர்களும் சுமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

பின்னில் சூடு எப்படிக் கூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொடுமிடத்தில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மூன்று பின்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய கரண்ட், மற்ற இரண்டும் தளர்ந்துபோனதால் ஒரே பின்னில் பாய்ந்தால், அந்தப் பின்னில் சூடு ஒன்பது மடங்காகிறது. எங்கள் குளச்சல் போன்ற கடலோரத்தில் உப்பும் ஈரமும் பின்னின் மேற்பூச்சை அரித்து, தொடுமிடத்தின் தடையை இன்னும் கூட்டுகின்றன. பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முதலில் பழுப்பேறும், பிறகு இளகும், பிறகு 12 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றையொன்று தொடும். ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து, நாகர்கோவிலில் ஓடும் அந்த இயந்திரங்களைப் பத்திரமானவை என்று என்னால் சொல்ல முடியாது.

தம்பி, ஒரு காரியம் செய்யுங்கள். இயந்திரத்தைத் திறந்து, சாட்டா ஒயர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தக்கலை_எடிட்டர்:
திறந்து பார்த்தேன், அண்ணன். சாட்டா பவர் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரவில்லை. மதர்போர்டின் ஓரத்திலுள்ள ஒரு சிறிய வெள்ளை சாக்கெட்டிலிருந்து மெல்லிய ஒயராக வருகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பிளக்கும் வழக்கமான 24 பின் பிளக் போல இல்லை.

குளச்சல்_வயர்மேன்:
அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிராண்டட் அலுவலக இயந்திரங்கள் பலவற்றில் இதுதான் அமைப்பு. நீங்கள் அடாப்டரை மாட்டினால் அந்த 8.7 ஆம்பியரும் மதர்போர்டிலுள்ள மெல்லிய செம்புத் தடங்கள் வழியாகத்தான் ஓடும். ஒயர் கருகினால் ஒயரை மாற்றலாம். மதர்போர்டின் உள்ளடுக்குத் தடம் கருகினால் போர்டே போய்விடும்.

வடசேரி_சர்வீஸ்:
இந்த இயந்திரத்துக்கு அடாப்டர் வேண்டாம். அதில் எனக்கு வாதமில்லை. எஸ்எம்பிஎஸ் நேரடியாகத் தரும் இரண்டு தனித்தனி மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின்) ஒயர்களிலிருந்து எடுக்கும் அடாப்டரை மட்டும் இன்றும் நான் ஏற்பேன். ஆனால் உங்கள் பெட்டியில் அதுவும் இல்லை.

ஆகவே ஏடிஎக்ஸ் எனப்படும் பொது வகை எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்குங்கள். மதர்போர்டு பிளக்குக்கு உங்கள் மாடலுக்கென்றே விற்கும் 24 பின் மாற்று ஒயர் தேவைப்படும். மாடல் எண்ணைச் சரிபார்த்த பிறகே அதை வாங்க வேண்டும். 550 வாட் வேண்டும் என்று கார்டு நிறுவனம் சொல்வது எல்லா வகைப் பிராசஸர்களையும், தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ்களையும் கணக்கில் வைத்துத்தான். உங்கள் 275 வாட்டுக்கு நல்ல 450 வாட்டே போதும். லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள்: 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட் கிடைக்கும், 18 ஆம்பியர் என்றிருந்தால், பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் 216 வாட்தான்.

குளச்சல்_வயர்மேன்:
லேபிளைப் பற்றி அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. 450 என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். நம் மாவட்டத்தில் ஓட்டு வீட்டு மேல்தளத்திலும் ஷட்டர் கடைக்குள்ளும் வேலை செய்கிறவர்கள் அதிகம். அறைச் சூடு கூடும்போது எஸ்எம்பிஎஸ் தாங்கும் அளவு குறையும். மணிக்கணக்கில் ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் வேலை) ஓடும் இயந்திரத்துக்கு 550 வாட்டே என் தேர்வு. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. மிகைச்சுமை, குறுக்குச்சுற்று, மிகைச்சூடு ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் உண்டா என்று தனியாகப் பார்த்து வாங்குங்கள்.

தக்கலை_எடிட்டர்:
ரெண்டர் இரவு முழுவதும் ஓடுவதால் 550 வாட்டே வாங்குகிறேன். இரண்டு சந்தேகங்கள். பிராசஸருக்கு என்று வரும் எட்டு பின் ஒயரையும் கார்டில் மாட்டலாமா? என்னிடம் 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது, அது போதுமா?

குளச்சல்_வயர்மேன்:
மாட்டவே கூடாது. பிராசஸர் ஒயரில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் கார்டு ஒயருக்கு நேர்மாறான வரிசையில் இருக்கின்றன. பிளக்கின் வார்ப்பு வேறாக இருப்பதால் எளிதில் நுழையாது. நுழையாததை அழுத்தியோ செதுக்கியோ நுழைக்காதீர்கள். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும்; பிராசஸருக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். ஒயரைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதோடு வந்த ஒயர்களை மட்டுமே பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

வடசேரி_சர்வீஸ்:
யுபிஎஸ்ஸைப் பற்றி நான் சொல்கிறேன். 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ரெண்டர் ஓடும்போது 275 வாட்டோடு மானிட்டரையும் எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும். குறைந்தது 1000 விஏ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், புது எஸ்எம்பிஎஸ் அதில் ஒத்துழைக்காமல் அணைந்துபோகக்கூடும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் கவலை இல்லை.

குளச்சல்_வயர்மேன்:
மழைக்காலத்துக்கு முன் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இழுத்திருக்க மாட்டார்கள். பழைய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

தக்கலை_எடிட்டர்:
என் மேசைக்கு வருவது இரண்டு பின் எக்ஸ்டென்ஷன், அண்ணன். அதை மாற்றி எர்த் இழுத்த பிறகே கார்டைப் பொருத்துகிறேன்.